கல்லூரிப் பணியிலிருந்து ஏன் விலகினேன்: முன்னாள் மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நான் படித்த கல்லூரி வடசென்னையில் இருக்கிறது. வேலைக்குப் போன பிறகும் சனிக்கிழமைகளில் அங்கே போய், முன்னாள் மாணவர் சங்கத்தின் சார்பில் நேர்காணல் பயிற்சி, ஃபீஸ் உதவி, படிப்பறை என்று பல வருடம் வேலை பார்த்தேன். சங்கத்தின் செயற்குழுவிலும் இருந்தேன். இப்போது இல்லை. நான் விலகிய செய்தி பரவியதிலிருந்து கூடப் படித்தவர்களும் நன்கொடை கொடுத்தவர்களும் மாணவர்களும் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். ஆளுக்கொரு விதமாகப் போய்ச் சேர வேண்டாம் என்று எல்லாவற்றுக்கும் இங்கே பதில் எழுதுகிறேன்.

சுருக்கமாகச் சொல்லுங்கள், ஏன் விலகினீர்கள்?

மாணவர்களுக்கென்று நாங்கள் திரட்டிய எதுவும் கல்லூரித் தலைமைக்கு வசதியான நாளில், வசதியான விதத்தில்தான் மாணவர்களிடம் போகும் என்று ஆகிவிட்டது. கணக்குக் கேட்டால் கோபம் வந்தது. கடைசியில், நடக்காத நிகழ்ச்சிகளை நடந்ததாக எழுதிய ஒரு தாளில் என் கையெழுத்தைக் கேட்டார்கள். நான் போடவில்லை. அடுத்த வாரமே விலகல் கடிதம் கொடுத்தேன்.

எந்தக் கல்லூரி? யார் அந்தத் தலைமை?

சொல்லமாட்டேன். அரசுக் கல்லூரியா, உதவி பெறும் கல்லூரியா, சுயநிதியா என்பதையும் சொல்லவில்லை. இன்றைக்கு அங்கே படிக்கும் பிள்ளைகள் அந்தப் பெயர் போட்ட சான்றிதழோடுதான் நாளைக்கு வேலை தேடப் போவார்கள். என்னோடு படித்தவர்களுக்கு எந்தக் கல்லூரி என்று தெரியும், அது போதும். பக்கத்துக் கல்லூரிகளில் தொண்டு செய்யும் நண்பர்கள் சிலர் இதைக் கேட்டுவிட்டு, "எங்க காலேஜ்லயும் இதே கதைதான்" என்றார்கள். அவர்களுக்கும் இது பயன்படட்டும்.

கல்லூரியில் நூலகம் இருக்கும்போது தனியாக ஒரு படிப்பறை எதற்கு?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் பெரும்பாலும் தனி அறையில் உட்கார்ந்து படித்தவர்கள். வியாசர்பாடியிலும் கொடுங்கையூரிலும் காசிமேட்டிலும் ஹவுசிங் போர்டு வீட்டில் வளர்ந்த பிள்ளைக்குப் படிக்கும் இடம் என்று ஒன்று கிடையாது. சமையல், டிவி, தாத்தா பாட்டி, தம்பி தங்கை எல்லாம் ஒரே அறைக்குள். மாலையில் மீன் விற்றுத் திரும்பும் அம்மா அப்போதுதான் படுப்பார், அவரை எழுப்பாமல் லைட் போட முடியாது. மொட்டை மாடியில் தெருவிளக்கு வெளிச்சத்தில் படிப்பவர்கள் இன்னமும் இருக்கிறார்கள்.

கல்லூரி நூலகமோ வகுப்பு முடிந்த கொஞ்ச நேரத்தில் மூடிவிடும். எழும்பூர் கன்னிமாரா நூலகம் 1896இலிருந்து இருக்கிறது, எங்கள் பிள்ளைகள் அங்கேயும் போகிறார்கள். ஆனால் எண்ணூரிலிருந்தும் மீஞ்சூரிலிருந்தும் கும்மிடிப்பூண்டி லைன் ரயிலில் வரும் பெண் பிள்ளை எழும்பூர் போய்ப் படித்துவிட்டு வீடு திரும்பும்போது இருட்டிவிடும், வீட்டில் விடமாட்டார்கள். கொளத்தூரில் 2024இல் முதல்வர் படைப்பகம் என்ற அரசுப் படிப்பகம் திறந்ததும் போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள் இடம் பிடிக்க ஓடினார்கள். அதைப் பார்த்தாவது, வடசென்னையில் அமைதியான ஒரு மேசைக்கு எவ்வளவு தேவை இருக்கிறது என்பது எல்லோருக்கும் புரிந்திருக்கும்.

அதற்குப் பல காலம் முன்பே எங்கள் பேட்ச் ஆட்கள் இதை யோசித்தார்கள். கல்லூரியில் பழைய சாமான் போட்டு வைத்திருந்த ஓர் அறையைக் கேட்டு வாங்கினோம். வெள்ளையடித்தோம். மேசை, நாற்காலி, ஃபேன், டியூப்லைட், சார்ஜ் போட பிளக் பாயிண்ட் எல்லாம் முன்னாள் மாணவர்கள் கொடுத்த பணம். துறைமுகத்தில் வேலை பார்க்கும் ஒரு அண்ணன் எலக்ட்ரிகல் வேலை முழுவதையும் கூலி வாங்காமல் செய்து கொடுத்தார்.

அந்த அறைக்கு என்ன ஆனது?

கல்லூரிக்கு கிரேடு கொடுக்கும் நாக் அமைப்பின் குழு வரும் வரைக்கும் திறந்திருந்தது. குழு வந்து பார்த்தது, பாராட்டியது, போனது. அதற்கப்புறம் பூட்டு. சாவி யாரிடம் என்று கேட்டால் அலுவலகத்தைக் கை காட்டுவார்கள், அலுவலகத்தில் முதல்வரைக் கேட்கச் சொல்வார்கள். மாலையில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்பது முதல் காரணம். சரி, முன்னாள் மாணவர்கள் முறை போட்டு உட்காருகிறோம் என்றோம். வெளியாட்களை மாலையில் உள்ளே விடமுடியாது என்பது அடுத்த காரணம். அந்த வெளியாட்கள் நாங்கள்தான். கொஞ்ச காலம் கழித்து அதே அறை கல்லூரிக்கு வரும் விருந்தினர்கள் உட்காரும் அறை ஆகிவிட்டது. மேசைகள் எங்கே போயின என்பதற்கு இன்று வரை பதில் இல்லை.

அறை போனதைவிட, அதில் படித்த பிள்ளைகளிடம் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்பதுதான் எனக்கு ஆறவில்லை. வரிசையாக வந்து பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள்.

மிக்ஜாம் புயல் வெள்ளத்தின்போது நிவாரணம் கொடுத்தீர்களே, அதிலும் பிரச்சினையா?

அதில்தான் என் மனசு உடைந்தது. 2023 டிசம்பர் தொடக்கத்தில் பெய்த மழையில் வடசென்னை எப்படி மூழ்கியது என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. எண்ணூர் பக்கம் வெள்ளத்தோடு எண்ணெயும் கலந்து வந்தது. எர்ணாவூரிலும் காட்டுக்குப்பத்திலும் சுவரில் கறுப்பாகக் கோடு விழுந்தது, படகும் வலையும் எண்ணெயில் நாறின, முகத்துவாரத்தில் மீன்பிடித் தொழில் நின்றது. அந்தக் குடும்பங்களிலிருந்து எங்கள் கல்லூரிக்கு வரும் பிள்ளைகள் நிறைய. புத்தகம் போச்சு, மார்க் ஷீட் நனைஞ்சு போச்சு, அப்பாவுக்கு வருமானம் போச்சு. தொலைந்த சான்றிதழ்களுக்கு அரசு சிறப்பு முகாம் நடத்தியது. அடுத்த செமஸ்டர் ஃபீஸுக்கு யாரும் முகாம் நடத்தவில்லை.

முன்னாள் மாணவர்கள் அப்போது அள்ளிக் கொடுத்தார்கள். துபாயிலிருந்து, பெங்களூரிலிருந்து, நம்ம பாரிமுனைக் கடைகளிலிருந்து. பட்டியலும் தயார். எந்த மாணவருக்கு எவ்வளவு என்று வகுப்பு ஆசிரியர்களிடம் விசாரித்துத்தான் எழுதியிருந்தோம். வங்கிக் கணக்குக்கு நேராக அனுப்பியிருந்தால் ஒரே நாளில் முடிந்திருக்கும்.

தலைமை விடவில்லை. ஆடிட்டோரியத்தில் விழா வைத்து, முக்கியமான ஒருவரை அழைத்து, அவர் கையால்தான் கொடுக்க வேண்டும் என்றார்கள். அவருக்குத் தேதி கிடைக்கவில்லை. பொங்கல் வந்தது, போனது. ஃபீஸ் கட்டக் கடைசி நாளும் தாண்டியது. பல பிள்ளைகளின் வீட்டில் வட்டிக்கு வாங்கிக் கட்டினார்கள். விழா நடந்த அன்று அந்தப் பிள்ளைகளைப் பெயர் சொல்லி, "வெள்ளத்தால் பாதிக்கப்பட்ட" என்று மைக்கில் அறிவித்து, ஒருவர் ஒருவராக மேடை ஏற்றி, பெரிய அட்டைச் செக்கைப் பிடிக்க வைத்துப் படம் எடுத்தார்கள். கூடப் படிக்கும் பிள்ளைகள் எல்லோரும் கீழே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூன்றாம் ஆண்டு படித்த ஒரு பெண் மேடைக்கு வரவே இல்லை. பிறகு போய்க் கேட்டேன். "எனக்கு வேணாம்க்கா, அடுத்தவங்களுக்குக் குடுத்துடுங்க" என்றாள்.

அரசுப் பள்ளியில் படித்துவிட்டுக் கல்லூரிக்கு வரும் பெண்களுக்கு உதவும் புதுமைப்பெண் திட்டத்தை 2022 செப்டம்பரில் இதே வடசென்னையில், பாரதி மகளிர் கல்லூரியில்தான் முதலமைச்சர் தொடங்கி வைத்தார். தொடக்க விழாவுக்கு மேடை இருந்தது, சரிதான். ஆனால் மாதா மாதம் வரும் 1000 ரூபாய் அந்தப் பெண்ணின் கணக்குக்கு நேராகப் போகிறது. யார் வாங்குகிறார் என்று பக்கத்து பெஞ்சுக்குத் தெரிய வேண்டியதில்லை. அத்தனை பெரிய அரசு எந்திரத்தால் முடிந்தது, நாங்கள் கொடுத்த சின்னத் தொகையைக் கையாண்ட ஒரு கல்லூரியால் முடியவில்லை.

நாக் என்றால் என்ன? கையெழுத்து விவகாரம் அதோடு எப்படிச் சேர்ந்தது?

நாக் என்பது உயர்கல்வி நிறுவனங்களை மதிப்பிட்டு கிரேடு கொடுக்கும் அமைப்பு. 1994இல் தொடங்கியது, தலைமையகம் பெங்களூரில். நான் சங்கத்தில் இருந்த காலத்து முறையில் ஏ பிளஸ் பிளஸ்தான் மேல்மட்ட கிரேடு. கல்லூரி தன்னைப் பற்றித் தானே ஓர் அறிக்கை எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. ஏழு தலைப்புகளில் மதிப்பெண் இருந்தது. அதில் ஐந்தாவது, மாணவர் நலனும் முன்னேற்றமும். அதற்குள் முன்னாள் மாணவர் சங்கத்தின் பங்களிப்பையும் கேட்டார்கள். சங்கம் பதிவு செய்யப்பட்டதா, பணமாகவோ உழைப்பாகவோ கல்லூரிக்கு என்ன செய்தது என்று விவரம் கொடுக்க வேண்டியிருந்தது.

இது நல்ல ஏற்பாடுதான். முன்னாள் மாணவர்களைக் கல்லூரி மதிக்க இதுவும் ஒரு காரணம் ஆகலாம். எங்களுக்கு நடந்தது வேறு. அறிக்கைக் காலம் நெருங்கும்போது மட்டும் போன் வரும். நாங்கள் உண்மையிலேயே செய்த பயிற்சி வகுப்புகளுக்கு வருகைப் பதிவு, படம் எல்லாம் இருந்தது. அவை போதவில்லை. நடக்காத கருத்தரங்குகள், கூடாத செயற்குழுக் கூட்டங்கள், நான் முகம் பார்த்திராத பேச்சாளர்கள் எல்லாம் தட்டச்சாகித் தயாராக இருந்தன. என் பெயருக்கு நேரே கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தார்கள். "எல்லா காலேஜ்லயும் பண்றதுதான்மா, நம்ம காலேஜ் நல்லதுக்குத்தானே" என்றார்கள்.

நான் சரக்குகளுக்குச் சுங்க அனுமதி வாங்கித் தரும் கிளியரிங் ஏஜென்சியில் வேலை பார்க்கிறேன். ஒரு தாளில் தப்பான சரக்கு விவரம் எழுதிக் கையெழுத்துப் போட்டால் என்ன ஆகும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். மாணவர்களைக் காப்பியடிக்காதே என்று சொல்கிற இடத்தில் அந்தத் தாளை என்னிடம் நீட்டியது எனக்குப் பொறுக்கவில்லை.

பணத்தைக் கையாடிவிட்டார்கள் என்கிறீர்களா?

இல்லை. அப்படிச் சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை, அதனால் சொல்லவில்லை. நீங்களும் என் பெயரை வைத்து அப்படிப் பேசாதீர்கள். நான் சொல்வது இதுதான்: செயற்குழு உறுப்பினர் வரவு செலவு கேட்டும் காட்டவில்லை. "எங்க மேல நம்பிக்கை இல்லையா?" என்று திருப்பிக் கேட்டார்கள். நம்பிக்கை இருந்ததால்தான் ஊரெல்லாம் பணம் கேட்டுக் கொண்டுவந்து கொடுத்தோம். கொடுத்தவர்களுக்குக் கணக்குச் சொல்ல வேண்டியது எங்கள் பொறுப்பு.

சங்கம் கணக்குக் காட்ட வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறதா?

சங்கம் பதிவு செய்யப்பட்டதாக இருந்தால், இருக்கிறது. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975. குறைந்தது ஏழு பேர் சேர்ந்தால் சங்கம் பதிவு செய்யலாம். பதிவு செய்த பிறகு ஆண்டுதோறும் பொதுக்குழுவைக் கூட்ட வேண்டும், வரவு செலவை அங்கே வைக்க வேண்டும், மாவட்டப் பதிவாளரிடம் ஆவணங்களைத் தாக்கல் செய்ய வேண்டும். நிர்வாகக் குழுவின் பதவிக்காலம் மூன்று ஆண்டுக்கு மேல் போகக்கூடாது, அதற்கப்புறம் புதிதாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்கினர் எழுதிக் கேட்டால் 36ஆம் பிரிவின்படி பதிவாளர் விசாரணை நடத்தலாம்.

உங்கள் கல்லூரிச் சங்கத்தில் முதலில் பார்க்க வேண்டியது இரண்டு: பதிவு எண் இருக்கிறதா, நீங்கள் உறுப்பினர் பட்டியலில் இருக்கிறீர்களா. எங்கள் ஆட்களில் பாதிப் பேர் சந்தா கட்டிவிட்டு, பட்டியலில் தங்கள் பெயர் ஏறியதா என்று பார்க்கவே இல்லை. பட்டியலில் இல்லாதவர் வாக்களிக்க முடியாது, மூன்றில் ஒரு பங்கு கணக்கிலும் வரமாட்டார்.

பதிவே இல்லாமல், கல்லூரியின் சொந்தக் கணக்கில் முன்னாள் மாணவர் நிதியை வைத்திருக்கும் இடங்களில் இந்தச் சட்டம் உதவாது. அப்படிப்பட்ட கணக்கில் பெரிய தொகை போடாதீர்கள்.

தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாமா?

அரசுக் கல்லூரி என்றால் தாராளமாக. அரசு உதவி பெறும் கல்லூரியிலும் கேட்கலாம். அரசிடமிருந்து கணிசமான நிதி வாங்கும் தனியார் கல்வி நிறுவனங்கள் தகவல் உரிமைச் சட்டத்துக்குள் வரும் என்று டிஏவி கல்லூரி அறக்கட்டளை வழக்கில் உச்ச நீதிமன்றம் 2019இல் தீர்ப்பளித்தது. 10 ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதினால் 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். "ஊழல் நடந்ததா" என்று கேட்காதீர்கள். "இந்த ஆண்டு முன்னாள் மாணவர்களிடமிருந்து பெற்ற நன்கொடைப் பதிவேட்டின் நகல்" என்று கேளுங்கள். இருக்கிற ஆவணத்தைக் கேட்டால்தான் கிடைக்கும்.

இதையெல்லாம் வெளியே சொன்னால் கல்லூரிப் பெயர் கெடாதா? ஏற்கெனவே வடசென்னை என்றாலே ஒரு மாதிரி பார்க்கிறார்கள்.

இந்தக் கேள்விதான் என்னை நெடுநாள் பேசவிடாமல் வைத்திருந்தது. முகவரியில் புளியந்தோப்பு என்று இருந்ததால் நேர்காணலில் முகம் மாறியதைப் பார்த்தவள் நான். நம்ம ஊரைப் பற்றிக் குறை சொல்ல வெளியே ஆயிரம் பேர் காத்திருக்கிறார்கள், நாமும் ஏன் சேர வேண்டும் என்று எனக்கும் தோன்றியிருக்கிறது.

ஆனால் யோசித்துப் பாருங்கள். இதே மாதிரி ஒரு படிப்பறையை நகரத்தின் தென்பகுதியில் பெயர் பெற்ற கல்லூரி ஒன்றில் பூட்டியிருந்தால் பெற்றோர் சும்மா இருந்திருப்பார்களா? முதல்வர் அறையில் போய் உட்கார்ந்திருப்பார்கள். எங்கள் பிள்ளைகளின் பெற்றோர் அப்படி வரமாட்டார்கள். ஒரு நாள் லீவு போட்டால் ஒரு நாள் கூலி போகும். கல்லூரி வாசலுக்கு வந்தாலே கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள். கேட்க ஆளில்லை என்கிற தைரியத்தில்தான் இது நடக்கிறது. ஊர்ப் பெயருக்காக நாமும் வாயை மூடினால் அந்தத் தைரியம் கூடத்தான் செய்யும்.

ஆசிரியர்கள் உங்கள் பக்கம் நிற்கவில்லையா?

நின்றார்கள், முடிந்த அளவுக்கு. நிவாரணப் பட்டியல் அவர்கள் போட்டுக் கொடுத்ததுதான். நிரந்தரப் பணி இல்லாமல் வருடா வருடம் ஆர்டர் வாங்கி வேலை செய்யும் ஆசிரியர் தலைமையை எதிர்த்துப் பேசவேண்டும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அவருக்கும் குடும்பம் இருக்கிறது. ஒரு பேராசிரியர் மட்டும் கூட்டத்திலேயே எழுந்து, அறையைத் திறந்துவிடுங்கள் என்று கேட்டார். அவருக்கு என் நன்றி எப்போதும் உண்டு.

தலைமைக்கும் நெருக்கடி இருக்காதா?

இருக்கும். காலியிடம் நிரப்பப்படாத துறைகள், கிரேடு குறைந்தால் வரும் கேள்விகள், மேலே இருப்பவர்களின் அழுத்தம் எல்லாம் உண்மை. நெருக்கடியைச் சொல்லியிருந்தால் முன்னாள் மாணவர்கள் தோள் கொடுத்திருப்போம். அறைக்குப் பூட்டுப் போட்டதற்கும் பிள்ளைகளை மேடையில் நிறுத்தியதற்கும் எந்த நெருக்கடியும் காரணம் இல்லை.

இப்போது என்ன செய்கிறீர்கள்?

கொஞ்சப் பேர் சேர்ந்து நேராகச் செய்கிறோம். உதவி தேவைப்படும் மாணவரை ஆசிரியர்களும் சீனியர் மாணவர்களும் சொல்வார்கள். அவரிடம் பேசிவிட்டு, தேர்வுக் கட்டணத்தை அவர் கணக்குக்கே அனுப்புகிறோம். படம் கிடையாது, விழா கிடையாது. நேர்காணல் பயிற்சி தண்டையார்பேட்டையில் ஒரு நண்பரின் டியூஷன் சென்டர் மாடியில் சனிக்கிழமை மாலை நடக்கிறது. மாதக் கடைசியில் வந்தது, போனது எல்லாவற்றையும் கொடுத்தவர்கள் எல்லோருக்கும் அனுப்பிவிடுகிறோம். மாணவர் பெயர் மட்டும் அதில் இருக்காது. படிப்பறைக்கு இன்னும் வழி பிறக்கவில்லை. வாடகை கட்டுப்படியாகவில்லை, தேடிக்கொண்டிருக்கிறோம்.

நான் கல்லூரிக்கே நன்கொடை கொடுக்க விரும்புகிறேன். கொடுக்கலாமா?

கொடுங்கள், ஆனால் எதற்கு என்று எழுதிக் கொடுங்கள். "பொது நிதி" என்று கொடுத்தால் பின்னால் கேட்க முடியாது. ரசீது வாங்குங்கள். நன்கொடைக்கான வருமான வரிச்சலுகை (80ஜி என்று சொல்வார்கள்) வேண்டுமென்றால் 2000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுக்காதீர்கள், சலுகை கிடைக்காது. பொருளாகக் கொடுத்தால் கல்லூரியின் சொத்துப் பதிவேட்டில் ஏற்றச் சொல்லி அந்தப் பக்கத்தின் நகலைக் கேளுங்கள். எங்கள் மேசைகள் அதில் ஏறியிருந்தால் இன்று எங்கே என்று கேட்டிருக்கலாம்.

அக்கா, நான் இப்போது படிக்கிறேன். இதைப் பற்றிப் பேசினால் டிசி கொடுத்துவிடுவார்களா, சர்டிஃபிகேட்டைப் பிடித்து வைப்பார்களா?

தனியாகப் போய்ச் சண்டை போடாதே தம்பி. பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2023 விதிமுறைப்படி ஒவ்வொரு கல்லூரியிலும் மாணவர் குறைதீர்க் குழு இருக்க வேண்டும், அதில் மாணவர் பிரதிநிதியும் இருக்க வேண்டும். புகார் கொடுத்தால் 15 வேலை நாளுக்குள் அறிக்கை தர வேண்டும். அதில் திருப்தி இல்லையென்றால் பல்கலைக்கழகக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். எழுத்தில் கொடு, பல பேர் சேர்ந்து கையெழுத்துப் போடுங்கள், நகலில் சீல் வாங்கு. அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்து வைக்கக்கூடாது என்று யுஜிசி 2018இலேயே தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆனாலும் செமஸ்டர் நடுவில் உன் படிப்பைப் பணயம் வைக்காதே. உனக்குப் பதிலாக நாங்கள் பேசுகிறோம்.

கூப்பிட்டால் திரும்பப் போவீர்களா?

படிப்பறையைத் திறந்து, பொதுக்குழுவைக் கூட்டி, கணக்கை வைத்தால் அடுத்த சனிக்கிழமையே போவேன்.

இவ்வளவு சொல்கிறீர்களே, எங்கள் பெண்ணை அங்கே சேர்க்கலாமா?

சேருங்கள். நல்ல ஆசிரியர்கள் இருக்கிறார்கள், வீட்டுக்குப் பக்கம், ஃபீஸும் உங்களால் கட்ட முடிகிற அளவுதான். தூரம் என்று சொல்லிப் படிப்பை நிறுத்திவிடும் வீடுகளிலிருந்து எத்தனையோ பெண்கள் அங்கே வந்து பட்டம் வாங்கிப் போயிருக்கிறார்கள், நானும் அவர்களில் ஒருத்தி. சேரும்போது உங்கள் மகள் 6ஆம் வகுப்பிலிருந்து 12 வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால் புதுமைப்பெண் விண்ணப்பத்தை அன்றைக்கே கேட்டு வாங்குங்கள். பள்ளிச் சான்றிதழ், ஆதார், அவள் பெயரில் வங்கிக் கணக்கு எல்லாம் தயாராக இருக்கட்டும். அலுவலகத்தில் அப்புறம் பார்க்கலாம் என்று அனுப்பினால் சனிக்கிழமை தண்டையார்பேட்டைக்குக் கூட்டிக்கொண்டு வாருங்கள், நாங்களே உட்கார்ந்து போட்டுக் கொடுக்கிறோம்.